தண்ணீர்க் கணக்கும் யந்திர மூளையும்

(திருநெல்வேலியில் நடந்த படிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



எந்தப் பிரச்னையையும் தீர்க்கும் யந்திரம் வந்துவிட்டது, இனி மனிதன் மூளையைக் கசக்க வேண்டியதில்லை என்று ஒரு சாரார் பேசுகிறார்கள். யந்திரமாவது, சிந்திப்பதாவது, அது வெறும் கணக்குப்பிள்ளைதானே என்று இன்னொரு சாரார் கையை உதறுகிறார்கள். இந்த இரண்டு பேச்சையும் ஒதுக்கிவைத்துவிட்டு விஷயத்துக்கு வருவோம். யந்திரம் எப்படிப் பிரச்னையைத் தீர்க்கிறது? மனிதன் எப்படித் தீர்க்கிறான்? இருவரும் எங்கே ஒன்றுபடுகிறார்கள், எங்கே பிரிகிறார்கள்?

சோழியில் நடந்த கம்ப்யூட்டர்

அர்த்தம் தெரியாமலே கணக்கைச் சரியாகப் போட முடியுமா? முடியும். யந்திரம் வருவதற்கு முன்பே நம் நாட்டில் அது நடந்திருக்கிறது. கும்பினி உத்தியோகஸ்தரான ஜான் வாரன் என்பவர் 1825-ல் சென்னையில் "கால சங்கலித" என்ற நூலை வெளியிட்டார். பாண்டிச்சேரியில் தாம் கண்ட ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பிவைத்து, வாக்கியங்களாக மனப்பாடம் செய்த அட்டவணைகளைக் கொண்டு, அந்த ஆண்டு மே 31-ந் தேதி இரவில் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத் தொடக்கத்துக்கு 4 நிமிடமும், நடுவுக்கு 23 நிமிடமும், முடிவுக்கு 52 நிமிடமும்தான் பிசகு. ஆனால் கணக்குக்குப் பின்னே இருக்கும் வானசாஸ்திரத் தத்துவம் அவருக்குத் தெரியாது என்று வாரன் குறிப்பிடுகிறார். விதி தெரிந்தால் போதும், கணக்கு நடந்துவிடும். கம்ப்யூட்டரின் அடிப்படையும் இதுதான்.

புலி, ஆடு, புல்லுக்கட்டு

ஆனால் கிரகணக் கணக்குக்கு விதி முன்னமே எழுதப்பட்டிருக்கிறது. விதி எழுதப்படாத பிரச்னை வந்தால் யந்திரம் என்ன செய்யும்? அமெரிக்காவில் ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன், ஷா என்ற மூவர் 1957-ல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். தாங்கள் எழுதிய திட்டத்துக்கு "பொதுப் பிரச்னைத் தீர்ப்பான்" என்றே பெயர் வைத்தார்கள். அது வேலை செய்யும் முறை எளிது. இப்போது இருக்கும் நிலை என்ன, சேரவேண்டிய நிலை என்ன, இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று பார்ப்பது. அந்த வித்தியாசத்தைக் குறைக்கும் செய்கை ஒன்றைத் தேடுவது. அந்தச் செய்கைக்கு ஏதாவது தடை இருந்தால், தடையை நீக்குவதையே அடுத்த இலக்காக வைத்துக்கொள்வது. நாமும் அன்றாடம் இப்படித்தானே செய்கிறோம்? வயல் காய்கிறது; மோட்டார் போடவேண்டும். மோட்டார் ஓடவில்லை, பியூஸ் போயிருக்கிறது. பியூஸ் கம்பிக்குக் கடைக்குப் போகவேண்டும்.

இந்த முறையின் பலவீனத்தைக் காட்ட நம் பாட்டிமார் போடும் விடுகதை ஒன்று போதும். புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒருவன் ஆற்றைக் கடத்தவேண்டும். ஓடத்தில் அவனோடு ஒன்றைத்தான் ஏற்றலாம். ஆள் இல்லாவிட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். இதில் வரக்கூடிய நிலைகள் மொத்தம் 16. விபத்தில்லாதவை 10. ஏழு பயணத்தில் காரியம் முடியும். ஆனால் நடுவில், அக்கரை சேர்ந்துவிட்ட ஆட்டை மறுபடி இக்கரைக்கு ஏற்றிவர வேண்டும். வித்தியாசத்தைக் குறைத்துக்கொண்டே போவதுதான் வழி என்று நம்புகிறவன் இந்த இடத்தில் திகைத்து நிற்பான். 1970-களில் மனோதத்துவ நிபுணர்கள் இதே மாதிரி ஆற்றுப் புதிர்களை மனிதர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பின்வாங்க வேண்டிய அந்த இடத்தில்தான் பலர் தயங்கினார்கள். ஆக, இந்த அளவில் மனித மூளையும் யந்திர முறையும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல.

பத்து நிலைகளை யந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் தேடிவிடும். சதுரங்கத்தில் அப்படி எல்லா வழியையும் தேடித் தீர்க்க எந்த யந்திரத்தாலும் ஆகாது. பத்தே ஆண்டில் யந்திரம் உலகச் சதுரங்க வீரனாகிவிடும் என்று சைமன் 1957-ல் சொன்னார். காஸ்பரோவை யந்திரம் தோற்கடித்தது 1997-ல்தான். மனிதன் எல்லா வழியையும் தேடுவதில்லை. தேடவும் அவனால் முடியாது. அனுபவத்தைக் கொண்டு சில வழிகளை மட்டும் பார்க்கிறான், போதுமானது கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறான். இதையும் எடுத்துச் சொன்னவர் அதே சைமன்தான்.

இன்று யந்திரம் வெகுதூரம் வந்துவிட்டது. 2024-ம் வருஷ சர்வதேசக் கணித ஒலிம்பியாட் கேள்விகள் ஆறில் நான்குக்கு கூகுள் டீப்மைண்டின் யந்திரம் விடை கண்டது. ஆனால் கேள்விகளை அதற்குப் புரியும் தர்க்க மொழியில் மனிதர்களே பெயர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மறு வருஷமே அந்தத் தேவையும் போயிற்று. சாதாரண மொழியில் கேள்வியைப் படித்து ஆறில் ஐந்தைத் தீர்த்தது. ஆகவே, யந்திரத்தால் இது முடியாது, அது முடியாது என்று பட்டியல் போட்டு ஆறுதல் அடைவதில் பயனில்லை.

இலக்கை யார் வைப்பது?

அப்படியானால் வேற்றுமை எங்கே இருக்கிறது? நம் ஆற்றங்கரைக்கு வாருங்கள்.

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். அவற்றை நம்பிச் சுமார் 86,000 ஏக்கர் நிலம். கார், பிசானம் என்று இரண்டு போகம். மேலே பாபநாசம் அணை, 1958-ல் கட்டி முடித்த மணிமுத்தாறு அணை. எந்தக் கால்வாய்க்கு எத்தனை நாள், எவ்வளவு தண்ணீர்? இந்த மாதிரிக் கணக்குக்கு வழி கண்டவர் சோவியத் கணித மேதை கான்டரோவிச். லெனின்கிராட் ஒட்டுப்பலகை ஆலைகளின் வேலைப் பங்கீட்டை ஆராய்ந்து கண்ட அந்த முறையை 1939-ல் வெளியிட்டார். இருக்கும் பொருளைப் பங்கிட்டு அதிகப் பலனை எடுப்பது எப்படி என்பதே அது. இன்றைய கம்ப்யூட்டர் எட்டு அணைக்கட்டுக் கணக்கை நொடியில் போட்டுவிடும்.

ஆனால் "அதிகப் பலன்" என்றால் என்ன? மொத்த நெல் விளைச்சலா? மொத்த ரூபாயா? கடைமடை வயல் ஒன்றுகூடக் காயாமல் இருப்பதா? முதல் இலக்கை வைத்தால் ஒரு விடை வரும், மூன்றாவதை வைத்தால் வேறு விடை வரும். மூன்று விடையும் கணக்குப்படி சரியே!

இது கற்பனை இல்லை. கங்கைகொண்டான் சிப்காட்டிலுள்ள குளிர்பான ஆலைகளுக்கு இந்த ஆற்றுத் தண்ணீரைக் கொடுக்கலாமா என்ற வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. 2016 நவம்பரில் இடைக்காலத் தடை வந்தது. 2017 மார்ச்சில் மனுக்கள் தள்ளுபடியாயின. உபரி நீரைத்தான் கொடுக்கிறோம் என்பது அரசு தரப்பின் வாதம்.

"உபரி" என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். வந்த நீரிலிருந்து தேவையைக் கழித்தால் உபரி. கழித்தலைப் பள்ளிப் பிள்ளை செய்துவிடும். தேவை என்று எதை எழுதுவது? கடைமடைக் குளம் நிரம்புவது தேவையா, இல்லையா? கரையோரக் கிணற்றின் ஊற்று தேவையில் சேருமா? புன்னைக்காயல் முகத்துவாரத்தில் உப்புநீர் ஏறாமல் ஆற்றுநீர் தள்ளி நிற்பது "வீணாகக் கடலில் கலப்பதா", அல்லது அதுவும் ஒரு தேவையா? ஒவ்வொரு பதிலுக்கும் உபரி கூடும், குறையும், இல்லாமலும் போகும்.

இலக்கையும் யந்திரமே வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அது யோசனை சொல்லட்டும், கேட்டுக்கொள்வோம். ஆனால் கடைமடை விவசாயிக்கும் ஆலை முதலாளிக்கும் இருக்கும் தகராறு அறிவுக் குறைவால் வந்ததில்லை. இருவருக்கும் கணக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய நலன்கள் வேறு. மூளை பெரிதாவதால் அந்த வேற்றுமை மறைந்துவிடாது. யந்திரத்தின் விடைக்குள் யாரோ ஒருவருடைய இலக்கு ஒளிந்துகொண்டிருக்கும். அதை விஞ்ஞானத்தின் தீர்ப்பு என்று நம்மிடம் நீட்டுவார்கள். அபாயம் அதில்தான் இருக்கிறது.

ஆகவே யந்திரத்தை வெறுக்க வேண்டாம், அதைப் பயன்படுத்துவோம். இப்படிப் பங்கிட்டால் எந்தக் கால்வாய்க்கு லாபம், எந்த ஊருக்கு நஷ்டம் என்று ஒவ்வொரு இலக்குக்கும் கணக்குப் போட்டு ஊர்க் கூட்டத்தில் வைக்கச் சொல்வோம். எந்த அதிகாரி எந்தக் கணக்கைக் கொண்டுவந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இலக்கு என்ன? எதையெல்லாம் தேவை என்று சேர்த்தீர்கள்? யாரை விட்டுவிட்டீர்கள்? பதில் சொல்லாமல் விடையை மட்டும் நீட்டினால், அந்தக் கணக்கை ஏற்க வேண்டியதில்லை. இந்த மூன்றையும் கேட்கக் கணிதப் பட்டம் வேண்டாம், தோழர்களே. மடையில் நின்று தண்ணீர் பாய்ச்சிய அனுபவம் போதும்.