நடக்காத சண்டையும் நடந்த பின்வாங்கலும்

போர்க்காலப் பெண்களைப் பற்றிய வரலாற்றுப் புனைவு என்று தலைப்பை அகலமாக விரித்து வைத்திருக்கிறீர்கள். தலைமையுரைக்காரனுக்குள்ள சலுகையில் நான் ஒரே படையோடு நின்றுகொள்கிறேன். இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவாக நேதாஜி சிங்கப்பூரில் அமைத்த ஜான்சி ராணிப் படை அது.

1943 ஜூலையில் அவருக்குப் பெண்கள் அணிவகுப்பு மரியாதை கொடுத்தார்கள். ஏற்பாடு செய்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். சீருடை இன்னும் வந்திருக்கவில்லை. சேலை கட்டியபடியே, பாயிண்ட் 303 துப்பாக்கியின் கனத்தைத் தாங்கி நின்றார்கள். அக்டோபரில் பயிற்சி முகாம் திறந்தபின் காக்கி வந்தது. பலர் கூந்தலை வெட்டிக்கொண்டார்கள். மலாயாவில் பால்மரம் சீவிய தமிழ்ப் பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்களும் உண்டு. நாட்டுப்பற்று மட்டுமே அவர்களைச் சேர்த்தது என்று எழுதுவது சுலபம். தோட்டத்து ஆண்களை ஜப்பானியர் சயாம் ரயில்பாதைக்கு அள்ளிக்கொண்டு போன காலம் அது. முகாமில் சோறு கிடைத்ததையும் கதையில் சேர்க்க வேண்டும்.

படை என்றதும் எழுத்தாளருக்குக் கை ஊறும். நாயகியை இம்பால் போர்முனையில் நிறுத்திச் சுட வைத்துவிடலாம். ஆனால் இம்பாலில் அவர்கள் போரிடவில்லை. பர்மாவில், ரங்கூனிலும் மேமியோவிலும் உத்தரவுக்குக் காத்திருந்தார்கள். அடிபட்டு வந்த வீரர்களுக்குக் கட்டுப் போட்டார்கள். சண்டைக்கென்றே பழகியவள் புண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாளே, அந்த எரிச்சல் போதாதா ஒரு நாவலுக்கு? 1945 ஏப்ரல் கடைசியில் ரங்கூனிலிருந்து பாங்காக் நோக்கிப் பின்வாங்கினார்கள். விமானங்களுக்குப் பயந்து பகலில் பதுங்கல், இரவில் நடை, இடையில் சித்தாங் ஆறு. நேதாஜியும் கூடவே நடந்தார். அந்த அணியிலிருந்த ஜானகி தேவருக்கு இருபது வயது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யையும் 'கடலுக்கு அப்பா'லையும் நான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவன். போர்க்காலத் தென்கிழக்காசியாவைத் தமிழில் அவ்வளவு நெருக்கமாக வேறு யாரும் காட்டவில்லை. ஆனால் கதையின் நடுவே பாண்டியனும் செல்லையாவும்தான். செல்லையாவின் காதலி மரகதம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். அவளை முகாமுக்கு அனுப்பும் நாவலுக்கு இடம் காலியாகவே கிடக்கிறது.

அப்படி எழுதப் புறப்படுகிறவருக்கு ஆவணம் பாதி வழிதான் வரும். ஜானகி 1946-ல் மலாயா இந்தியன் காங்கிரஸ் அமைந்தபோது அதில் இருந்தார். அதே படையிலிருந்த ராசம்மா பூபாலன் ஆசிரியைகளுக்குச் சங்கம் கண்டார். இவர்கள் படித்தவர்கள், தங்கள் கதையைத் தாங்களே சொல்ல முடிந்தது. மரம் சீவியவளின் பேச்சோ, யாராவது தேடிப்போய்க் கேட்டபோது கிடைத்த சில பக்கங்களோடு சரி. காக்கியைக் கழற்றிவிட்டு மறுபடி அதே தோட்டத்தில், அதே கங்காணியின் முன்னால் அவள் எப்படிப் போய் நின்றாள்? இங்கே புனைவுக்கு முழு உரிமை உண்டு. அவையில் யாராவது அதை எழுதிக்கொண்டிருந்தால் மதிய அமர்வில் சொல்லுங்கள், நானும் உட்கார்ந்து கேட்கிறேன். இப்போது முதல் கட்டுரையாளர் வரலாம்.