பழையன தேர்ந்து கொள்வோம்



நம் இரவுப் பள்ளிக்குப் பழைய கணிப்பொறிகளைத் திரட்டலாம் என்று நாம் கூறியபோது, "பிறர் கழித்ததுதான் நமக்கா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். மீந்த சோற்றையும் கிழிந்த துணியையும் கைநீட்டி வாங்க நேர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். அக்கேள்வியின் வேதனையை நாம் உணர்வோம்.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் பயின்ற அண்ணல் அம்பேத்கர், பழைய புத்தகங்களைத் தேடித் தேடி வாங்கினார். அவை அவரைத் தாழ்த்தவில்லை. ஏனெனில், வேண்டியதை அவரே ஆராய்ந்து எடுத்தார். கொடுத்ததை வாங்குவது இரப்பு. ஆராய்ந்து கொள்வது அறிவு.

இது தக்க தருணம். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பொறிகள், பழுதில்லாத போதிலும் கழிக்கப்படுகின்றன. கட்டணமற்ற லினக்ஸை ஏற்றினால், தட்டச்சும் கணக்கும் நிரல் எழுதுதலும் பயில அவை போதும்.

எதைக் கொள்வது? முதலில் மின் இணைப்புக் கொடுத்து இயக்கிப் பாருங்கள். 64 பிட் செயலியும் 4 ஜி.பி. ரேமும் வேண்டும்; ரேம் 8 ஜி.பி. இருப்பின் நன்று. மெதுவாக இயங்குவதை உடனே ஒதுக்க வேண்டா; சுழலும் ஹார்டு டிஸ்க்கை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தினால் வேகம் கூடும். தேதி தவறிக்கொண்டே இருந்தால், உள்ளே காசு போல் இருக்கும் சி.ஆர். 2032 பாட்டரியை மாற்றினால் போதும்.

எதை மறுப்பது? மடிக்கணினியின் பாட்டரி உப்பியிருந்தால் தொடாதீர்கள், தீப்பற்றக் கூடும். பழைய பெட்டித் திரைகளின் கண்ணாடியில் ஈயம் உண்டு; அவையும் வேண்டா. "இதையும் எடுத்துப் போங்கள்" என்பாரிடம் பணிவோடு மறுக்கப் பழகுங்கள். ஊர்க்குப்பை நம் தெருவில் குவிய நாமே வழி திறக்கலாகாது. செம்புக்காகக் கம்பிகளை எரித்து நச்சுப்புகையைச் சுவாசிப்போர் எத்தெருவினர் என்பதை நாம் அறிவோம். பயனற்றவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே செல்ல வேண்டும்.

இன்னொன்று. நம் பிள்ளை கணிப்பொறியைச் சுமந்து வந்தால், "எங்கே எடுத்தாய்?" என்று கேட்கும் உலகம் இது. ஆகவே, கொடுப்பவரின் கையொப்பமிட்ட கடிதம் இன்றி எதையும் எடுத்து வராதீர்கள். பொறியின் வரிசை எண்ணைச் சங்கப் பேரேட்டில் எழுதுங்கள், ரசீது கொடுங்கள். உரியவரின் கோப்புகளைப் படிக்காது, முற்றிலும் அழித்துவிடுங்கள். நாணயமே நமக்குக் காவல்.

இளைஞர்களே! நம் ஆண்மக்களும் பெண்மக்களும் இப்பொறிகளைத் தம் கையால் திறந்து, பழுது நீக்கி, இயங்கச் செய்யட்டும். அன்று அவை பிறர் கழித்தவை அல்ல, நாம் ஆக்கியவை.