ஏவல் வேறு, சேவை வேறு
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

வணிகத்தில் வாடிக்கையாளரிடம் பேசும் முறையும் நடந்துகொள்ளும் முறையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். நம் கழகத்தில் பயின்ற எல்லோருக்கும் அரசுப் பணி கிட்டுவதில்லை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் நம் இளைஞர் பலர் சிறுதொழில் தொடங்கும் எண்ணத்தில் உள்ளனர். 1974 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தாட்கோ அவர்களுக்குத் துணைபுரிகிறது. 2023 இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டமும் வந்தது. ஆனால், முதலைக் கடனாகப் பெறலாம். வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் கடனாகப் பெற இயலாது. அதை நாமேதான் ஈட்டவேண்டும்.

'சேவை' என்ற சொல்லைக் கேட்டதும் நம் முதியோர் சிலரின் முகம் வாடுவதை நான் கண்டிருக்கிறேன். காரணம் உண்டு. செத்த மாட்டை அகற்றவும், சாவுக்குப் பறையடிக்கவும், ஊர் ஏவலுக்கு ஓடவும் நம் முன்னோர் கட்டாயப்படுத்தப்பட்டனர். அவர்களால் கூலி பேச முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. அஃது ஏவல். வணிகத்தில் நாம் செய்வது அதுவன்று. இங்கே விலையை நாம் சொல்கிறோம். விருப்பமிருந்தால் அவர் வாங்குகிறார். இருவரும் சமமாக நின்று ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கே சேவை. எனவே கைகட்டி நிற்பதும் வேண்டாம். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வதும் வேண்டாம்.

எடுத்துக்காட்டு ஒன்று கூறுகிறேன். பெரம்பலூர் வட்டாரம் சின்ன வெங்காயத்துக்குப் பெயர் பெற்றது. பயிரில் நோய் கண்டால் மருந்தை உரிய நாளில் தெளித்தாக வேண்டும். அந்நேரத்தில் பழுதான விசைத்தெளிப்பானுடன் ஓர் உழவர் நம் பட்டறைக்கு வருகிறார். முதலில் அவர் சொல்வதை முழுமையாகக் கேளுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். வேலையைத் தொடங்குமுன் செலவைக் கூறுங்கள். உதிரிப்பாகம் திருச்சியிலிருந்து வரவேண்டுமாயின், அதை அப்போதே சொல்லிவிடுங்கள். "நாளை வாருங்கள்" என்று மூன்று நாள் அலைக்கழித்தால் நாம் கெடுப்பது அவருடைய பயிரை.

அரியலூர் சிமெண்டுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே சிமெண்டுக் கல் அறுத்து விற்கும் நம் இளைஞர் ஒருவர், காலை எட்டு மணிக்கு வண்டி வரும் என்று சொல்லிவிட்டு நண்பகலில் அனுப்பினால் என்ன ஆகும்? கொத்தனாரும் சித்தாளும் வேலையின்றி நிற்பர். வீடு கட்டுபவர் தலையில் வீண்கூலி விழும். தாமதம் யாருக்கும் நேரலாம். அதை அவர் கேட்குமுன் நாமே தொலைபேசியில் அறிவிப்பதுதான் நாணயம்.

குறை சொல்லி வருபவரைப் பகைவராக எண்ணாதீர்கள். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவருக்கு முறையிடும் உரிமையை வழங்கியுள்ளது. ஆணையத்துக்குச் செல்லாமல் நம்மிடமே வந்தாரே என்று மகிழுங்கள். பிழை நம்முடையதாயின் ஒப்புக்கொண்டு திருத்துங்கள். ரசீது கொடுங்கள், எழுத்தறியாதவருக்கு அதைப் படித்துக் காட்டுங்கள்.

இவற்றையெல்லாம் செய்தால் எல்லோரும் நம் கடைக்கு வந்துவிடுவார்களா? உண்மையைச் சொல்லவேண்டும். கொலம்பியாவில் பொருளாதாரம் பயின்ற அண்ணல் அம்பேத்கர் 1917 இல் பரோடாவில் பணியாற்றியபோது, அலுவலக ஏவலர்கள் கோப்புகளை எட்ட நின்று அவர் மேசைமீது எறிந்தனர். அதை விட்டுப் பம்பாய் திரும்பியபின், பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை கூறும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவர் தீண்டப்படாதார் என அறிந்ததும் வாடிக்கையாளர் நின்றுவிட்டனர். அவர் அறிவிலோ சேவையிலோ குறை ஏது? குறை வந்தவர்களின் உள்ளத்தில் இருந்தது. ஆகவே ஒரு வாடிக்கையாளர் நம்மை விட்டு விலகும்போது நம்மை நாமே இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். நம் வேலையில் பிழை உண்டா? உண்டெனில் இன்றே திருத்துவோம். இல்லையெனில் தலைகுனிய வேண்டியவர் நாமல்லர். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நம் சோம்பலுக்குச் சாதியைக் காரணம் காட்டுவதும் தவறு. பிறர் சாதி வெறிக்கு நம் திறமையைப் பழிப்பதும் தவறு.

அந்த அண்ணலின் தலைமையில் வரையப்பட்ட அரசியலமைப்பின் 15 ஆவது பிரிவு, சாதியின் பெயரால் எவரையும் கடையிலும் உணவகத்திலும் நுழையாமல் தடுக்கலாகாது என்கிறது. 1955 ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமை காரணமாகப் பொருள் விற்க மறுப்பதையும், பிறருக்கு வழங்கும் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே முறையில் சேவை வழங்க மறுப்பதையும் குற்றமாக்கியது. வாடிக்கையாளர் சேவைக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

தனிக் குவளையில் தேநீர் குடித்தவர்கள் நம் பாட்டனார்கள். மீதிக் காசைக் கையில் கொடுக்காமல் எறிந்ததைப் பொறுக்கியவர்கள் நம் பாட்டிமார்கள். எனவே, நாம் திறக்கும் கடையில் வெங்காயம் கிள்ளிக் கூலி பெற்றுவரும் தாய்க்கும், காரில் வந்து இறங்குபவருக்கும் ஒரே நாற்காலி, ஒரே விலை, ஒரே மரியாதைச் சொல் இருக்கட்டும். மீதிக் காசை வருபவரின் கையிலே வையுங்கள். நமக்கு மறுக்கப்பட்டதை நாம் எவருக்கும் மறுக்காத இடமாக நம் கடைகள் விளங்கட்டும்.