இனிப்பில் பிறந்த அமிலம்



‘அமிலம்’ என்றதும் மாணவர் மனத்தில் எழுவது புகையும் புண்ணுமே. அச்சொல்லை நாம் ஓர் எச்சரிக்கையாக மட்டும் கற்பித்ததன் விளைவு அது. ஆகவே, தேனில் உள்ள ஓர் அமிலத்தைப் பற்றி இன்று பேச விழைகிறேன். அதன் பெயர் குளுக்கோனிக் அமிலம்.

மலரின் இனிப்புநீரைத் தேனாக்கும்போது தேனீ தன் சுரப்பியிலிருந்து ஒரு நொதியைச் சேர்க்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையால் அந்நொதி குளுக்கோசில் ஒரு பகுதியை இவ்வமிலமாக மாற்றுகிறது. தேனில் உள்ள அமிலங்களுள் முதன்மையானது இதுவே. 1870ஆம் ஆண்டில் ஹ்லாசிவெட்ஸ், ஹாபர்மான் எனும் வேதியியலாளர்கள் குளுக்கோசிலிருந்து இதனைப் பெற்றனர். இன்று ஆலைகளில் ஒருவகைக் கரும்பூஞ்சை சர்க்கரைக் கரைசலிலிருந்து இதனை ஆக்கித் தருகிறது.

இதன் பயன்கள் நமக்கு அருகிலேயே உள்ளன. ‘டோஃபு’ எனும் சோயாக்கட்டியை எண்ணிப் பாருங்கள். இவ்வமிலத்தின் நீர் நீங்கிய வடிவத்தைச் சோயாப்பாலில் கலந்து சூடாக்கினால், அது மெல்ல மெல்ல அமிலமாகிறது. அவ்வாறு மெல்ல நிகழ்வதாலேயே பால் திரிந்து போகாமல், பட்டுப்போல் ஒருசீராக உறைகிறது. இதன் சோடிய உப்பு, கான்கிரீட் விரைவில் இறுகிவிடாமல் தாமதப்படுத்துகிறது. வெயில் மிகுந்த நாடுகளில் கட்டுமானத்தார்க்கு இது பேருதவி. உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் இயல்பால், புட்டிகளைக் கழுவும் நீரிலும் அவ்வுப்பு சேர்க்கப்படுகிறது.

எல்லாவற்றினும் வியப்பானது ஒன்று உண்டு. கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோபுளோரிக் அமிலம் தோலில் பட்டால், அதன் புளோரைடு உடலுக்குள் ஊடுருவிக் கால்சியத்தைக் கவர்ந்துகொள்ளும். உயிருக்கே ஊறு நேரலாம். அப்போது உடனே நீரால் நன்கு கழுவியபின் பூசப்படும் மருந்து, கால்சியம் குளுக்கோனேட் கலந்த களிம்பு. அது தன் கால்சியத்தை ஈந்து, புளோரைடைக் கட்டிப்போடுகிறது. ஓர் அமிலம் செய்த புண்ணை மற்றோர் அமிலத்தின் உப்பு ஆற்றுகிறது!

ஆசிரியப் பெருமக்களே, “அமிலம் நல்லதா, தீயதா?” என மாணவர் வினவினால், “எந்த அமிலம்? எவ்வளவு? எங்கே?” எனத் திருப்பிக் கேளுங்கள். அம்மூன்று வினாக்களைத் தமிழில் கேட்டுப் பழகிய மாணவர்க்கு அறிவியலும் அச்சந்தராது, தமிழும் அயலாகாது.