விழித்திரை விலகல்

கண்ணின் உட்புறத்தே, பின்சுவரை ஒட்டிப் பரந்து கிடக்கும் மெல்லிய சவ்வே விழித்திரை. அதன் தடிப்பு ஏறத்தாழ மில்லிமீற்றரின் கால் பங்கே. அதில் ஒளியை உணரும் கலங்கள், பின்னேயுள்ள குருதிப் படையிலிருந்தே போசணை பெறுகின்றன. திரை விலகினால் அவை பட்டினி கிடந்து மடியத் தொடங்கும்.

திரை விலகுவது எவ்வாறு? கண்ணுள் நிறைந்த தெளிந்த கூழ் முதுமையிற் சுருங்கும்போது திரையைப் பற்றியிழுத்துக் கிழிப்பதுண்டு. அக்கிழிசலூடே நீர் புகுந்து, சுவரில் ஒட்டிய தாளைப் பெயர்ப்பதுபோலத் திரையைப் பெயர்த்துவிடுகிறது. கடுங் குறும்பார்வையுடையோருக்கு இவ்வாபத்து மிகுதி. கவ்வாத்து வெட்டுகையில் தெறிக்கும் சிராய் கண்ணைத் துளைப்பதாலும் இது நேரலாம்.

ஒருகாலத்தில் இந்நோய் தீராததெனவே கருதப்பட்டது. கிழிசலை அடைத்தாலன்றித் திரை ஒட்டாது என்பதை 1920களில் நிறுவியவர், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து வைத்தியர் யூல் கொனான்.

ஆயினும், நாட்பட்ட விலகலில் அடைப்பு மட்டும் போதாது. கிழிசல்வழி வெளிப்பட்ட கலங்கள் திரையின் இருபுறமும் படர்ந்து படலமாகிச் சுருங்குகின்றன; திரையும் மடிந்து விறைக்கிறது. இதுவே சத்திரவைத்தியருக்குப் பெருஞ்சோதனை. 1970இல் அமெரிக்காவின் மயாமி நகரில் றொபேட் மாக்கெமர் வகுத்த வழியில், நுண்கருவிகளைக் கண்ணுட் செலுத்திக் கூழை அகற்றுவர். பின்னர் படலத்தைத் திரை கிழியாவண்ணம் உரிப்பர். இறுதியில் லேசர் ஒளியால் கிழிசலைச் சுற்றி வடுவுண்டாக்கி, வாயுவோ சிலிக்கன் எண்ணெயோ நிரப்புவர். அவ்வாறு செய்தும் படலம் மீண்டும் வளரலாம். இரண்டாம், மூன்றாம் சிகிச்சையும் வேண்டியிருக்கலாம்.

மாத்தளை மாவட்டத்தார்க்கு இதில் தனியொரு கவனம் உண்டு. கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றவர் வீடு திரும்பும் வழி மலையேறும் வழி. எல்கடுவை போன்ற தோட்டங்களோ மாத்தளை நகரினும் உயரமானவை. உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையும். கண்ணிலுள்ள வாயு விரியும். கண்ணின் உள்ளழுத்தம் ஏறிப் பார்வைக்கே ஊறு நேரலாம். ஆதலின், தம் ஊர் மலைமேல் உள்ளதென வைத்தியரிடம் முன்னரே கூறுதல் இன்றியமையாதது. எண்ணெய் அவ்வாறு விரிவதில்லை. ஆனால் அதைப் பெரும்பாலும் சில மாதங்களின் பின் மற்றொரு சிகிச்சையால் அகற்றவேண்டும்.

இந்நோயில் நோவில்லை, தாமதத்துக்கு அதுவே காரணம். நாட்கூலி போய்விடுமே எனக் கொழுந்தெடுக்கும் பெண் ஒரு வாரம் பொறுத்திருப்பாள். அதற்குள் கூர்ந்த பார்வைக்குரிய நடுப்பகுதியும் பெயர்ந்துவிடக்கூடும். அதன்பின் திரை ஒட்டினும் பழைய பார்வை முழுதும் மீள்வது அரிது.

கண்ணில் திடீரென மின்னல் தோன்றினாலும், கரும்புள்ளிகள் பல மிதந்தாலும், ஓரத்திலிருந்து திரைச்சீலைபோல் நிழல் படர்ந்தாலும், அன்றே மாத்தளை வைத்தியசாலைக்கோ கண்டிக்கோ செல்லவேண்டும். விலகுமுன் கண்ட கிழிசலை லேசர் ஒளியால் சில நிமிடங்களில் அடைக்கலாம். விலகி மடிந்த திரையை விரிப்பதற்கோ, தேர்ந்த கைகளுக்கும் பல மணி நேரம் ஆகலாம்.