யந்திரமும் நிறமும்

(ஒரு வாலிபர் சங்க ஆண்டு விழாவில் செய்த பிரசங்கத்தின் சுருக்கம்)



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக் கொண்ட விஷயம் வைத்திய யந்திரங்களைப் பற்றியதாகும். இதற்கு இப்போது உயிர் மருத்துவப் பொறியியல் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெயரைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. உடம்புக்குள் நடப்பதைக் கண்ணாலும் கையாலும் அறிய முடியாத இடத்தில் அறிவதற்கு ஒரு கருவி வேண்டும். கெட்டுப்போன உறுப்பின் வேலையைச் செய்யவும் ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவியை யோசித்துச் செய்வதும், அளந்து சரி பார்ப்பதும், பழுது நீக்குவதுந்தான் இந்தக் கலை.

இக்கருவிகள் எப்படி வந்தன? யாராவது தவம் செய்து வரமாக வாங்கி வந்தார்களா? இல்லை. 1816ல் பாரிஸில் லேனெக் என்ற டாக்டர், ஒரு பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக வைத்துக் கேட்டார். நேரே காது வைப்பதைவிட நன்றாகக் கேட்டது. அதிலிருந்து வந்ததுதான் ஸ்டெதஸ்கோப். ஹாலந்து தேசம் ஜெர்மானியர் பிடியில் இருந்த 1943ல், கோல்ஃப் என்ற டாக்டர், இறைச்சிக்கு உறையாகப் போடும் செல்லோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி, அதற்குள் நோயாளியின் இரத்தத்தை ஓடவிட்டு, சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையைச் செய்ய வைத்தார். ஆரம்பத்தில் அவரிடம் வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இறந்து போனார்கள். அவர் "விதி" என்று உட்கார்ந்து விடவில்லை. எங்கே தவறு என்று தேடினார். 1945ல் 67 வயதுள்ள ஓர் அம்மாள் பிழைத்தெழுந்தார்.

இப்போது உங்களில் அநேகர் கையாண்டிருக்கும் ஒரு கருவிக்கு வருகிறேன். 2020, 2021ம் வருஷங்களில் கொரோனா வந்தபோது, விரலில் கவ்வ வைத்து ஒரு எண்ணைப் பார்த்தீர்களே, அதுதான் பல்ஸ் ஆக்சிமீட்டர். இரத்தத்தில் பிராணவாயு 100க்கு எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை அது சொல்லுகிறது. இதற்கு வழி கண்டவர் ஒரு டாக்டர் அல்லர். ஜப்பான் தேசத்து என்ஜினீயர் அயோயாகி என்பவர். அவர் தேடியதும் வேறு. இருதயம் எவ்வளவு இரத்தத்தை இறைக்கிறது என்று காதில் ஒளி பாய்ச்சி அளக்கப் பார்த்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்தது. அந்தத் தொந்தரவை ஒழிக்கப் போய், துடிப்பிலேயே பிராணவாயுவின் கணக்கு அடங்கியிருப்பதைக் கண்டு, 1974ல் வெளியிட்டார்.

அது வேலை செய்யும் விதம் இதுதான். விரலுக்குள் சிவப்பு ஒளி ஒன்றும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒன்றும் பாய்கின்றன. பிராணவாயு நிறைந்த இரத்தம் சிவப்பு ஒளியை அதிகமாக விட்டுவிடும். குறைந்த இரத்தம் அதை விழுங்கி விடும். தோலும் எலும்பும் துடிப்பதில்லை. ஆதலால் துடிக்கும் பங்கை மாத்திரம் பிரித்தெடுத்து, இரண்டு ஒளிகளையும் ஒப்பிட்டால் கணக்கு வந்து விடுகிறது.

ஆனால், தோழர்களே, அந்தக் கணக்கு "92" என்றோ "96" என்றோ எண்ணாக எப்படி மாறுகிறது? இங்கேதான் நீங்கள் சற்று யோசிக்க வேண்டும். நல்ல தேகமுள்ள சிலரைப் படுக்க வைத்து, பிராணவாயு குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து, தமனியிலிருந்து இரத்தமெடுத்துச் சோதித்து, ஒளிக்கணக்கு இவ்வளவானால் பிராணவாயு இவ்வளவு என்று ஒரு வாய்ப்பாடு எழுதுகிறார்கள். கருவி அந்த வாய்ப்பாட்டைத்தான் ஒப்பிக்கிறது. அப்படியானால், படுக்க வைத்த அந்தச் சிலர் யார்? பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள்.

கறுத்த தோலும் ஒளியை விழுங்குகிறது. துடிக்காத தோல் கணக்கில் சேராது என்று நினைத்தது முழுவதும் சரியாகவில்லை. கறுப்பு நோயாளிகளிடம் இக்கருவி அதிகமாகத் தவறுகிறது என்று 1990லேயே அமெரிக்காவில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் 2020 டிசம்பரில் மிச்சிகன் சர்வகலாசாலையார் வெளியிட்ட ஆராய்ச்சிதான் உலகத்தை எழுப்பியது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களை எடுத்து, தமனி இரத்தத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். உண்மையில் 88க்கும் கீழே போயிருந்தது வெள்ளையரிடம் 100க்கு ஏறக்குறைய 4 தடவை. கறுப்பரிடம் 100க்கு ஏறக்குறைய 12 தடவை! மூச்சுக்குத் தவிப்பவனைப் பார்த்து "நீ சுகமாயிருக்கிறாய்" என்று சொல்லும் கருவியை என்னவென்பது? கொரோனா வைத்தியத்துக்குத் தகுதியானவர் என்று கண்டுகொள்வதே கறுப்பருக்குத் தாமதமாயிற்று என்று 2022ல் வேறோர் ஆராய்ச்சியும் காட்டியது.

யந்திரத்துக்கு நிறபேதம் உண்டா? கிடையாது. அதற்கு மூளையும் இல்லை, துவேஷமும் இல்லை. ஆனால் அளவுகோல் செய்தவன் யாரை மனிதனென்று எண்ணி அளந்தானோ, அவனுக்குத்தான் அது சரியாக அளக்கும். 2013ல் அமெரிக்க சர்க்கார் இலாகா வகுத்த முறைப்படி, 10 பேரைச் சோதித்தால் 2 பேர் கறுத்தவராயிருந்தால் போதும். 2025 ஜனவரியில் வெளியிட்ட நகல் விதியில்தான், 150 பேருக்குக் குறையாமல் பல நிறத்தாரையும் வைத்துச் சோதிக்கச் சொன்னார்கள். 1990ல் தெரிந்த குற்றத்துக்கு இத்தனை காலம் சென்றது ஏன்? கேட்பவர்கள் கேட்கவில்லை, கேட்டவர்கள் பேச்சு ஏறவில்லை.

இதைக் கேட்டு யாரும் "பார்த்தீர்களா, விஞ்ஞானம் பொய்" என்று விபூதிக்குத் திரும்பி விட வேண்டாம். விபூதி எத்தனை பேருக்குப் பலித்தது, எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை என்று அதைக் கொடுத்தவன் என்றைக்காவது கணக்கெடுத்தானா? இக்கருவியின் குற்றத்தைக் கண்டுபிடித்தவர்கள் வைத்தியர்களே. கண்டுபிடித்த ஆயுதமும் அளவையே. தன் தவறைத் தானே தேடுவதுதான் அறிவின் யோக்கியதை.

அதேபோல, சாமியாரை நம்பிய கண்ணால் யந்திரத்தை நம்புவதும் கூடாது. நம்மில் பெரும்பாலோர் கறுத்த தோலுடையவர்கள். கருவி 95 என்று காட்டினாலும், மூச்சு முட்டுகிறதென்றால் உடனே டாக்டரிடம் போங்கள். விரல் சில்லிட்டிருந்தாலும், நகத்தில் சாயமிருந்தாலும் எண் தவறலாம். ஒரு எண்ணைப் பார்த்துத் திருப்தியடையாமல், அது மணிக்கு மணி இறங்குகிறதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் தமனி இரத்தத்தைச் சோதிக்கும்படி கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது.

வாலிபர்களே! உங்களில் சிலராவது இந்தக் கலையைக் கற்க வேண்டும். பிறர் செய்ததை வாங்கி மாட்டிக் கொள்வது மாத்திரம் போதாது. எந்தக் கருவி வந்தாலும், "இதை யாரை வைத்து அளந்தீர்கள்? எங்களையும் அளந்தீர்களா?" என்று கேட்கிறவர்களாகவும், இல்லையென்றால் நாமே அளந்து காட்டுகிறவர்களாகவும் ஆக வேண்டும் என்று கேட்டுக் கொள்ளுகிறேன்.