நாளைய மழையும் இன்றைய மின்சாரமும்



வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தில் மின்சாரத் திட்டமிடல் குறித்துப் பேச நாம் முன்வந்ததற்குக் காரணம் உண்டு. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கிய அண்ணல் அம்பேத்கர் அவர்கள், மின்துறைக் கொள்கை வகுக்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். மலிவான மின்சாரமின்றித் தொழில் வளராது, தொழில் வளராமல் வறுமை ஒழியாது என்பது அவர்தம் கருத்து. ஆகவே இப்பொருள் நமக்கு அயலானதன்று.

மின்சாரத் திட்டமிடலின் பெரும் இடர்ப்பாடு, நாளை நிகழ்வதை அறியாமலே இன்று முடிவெடுக்க வேண்டியிருப்பதாகும். பிரேசில் நாட்டை எடுத்துக்கொள்வோம். 2001இல் அந்நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி அணை நீரிலிருந்தே கிடைத்தது. அணை நீரை இன்றே செலவிட்டு, நாளை மழை பொய்த்தால் விலைமிக்க எரிபொருளை நாட வேண்டும். அதுவும் போதாவிடில் ஊர் இருளும். மாறாக, நீரைத் தேக்கி வைத்துப் பெருமழை பெய்துவிட்டால், தேக்கிய நீர் மறுகால் பாய்ந்து வீணாகும். எவ்வளவு விடுவது, எவ்வளவு நிறுத்துவது?

இதற்குக் கணிதம் வழி கண்டது. உறுதியற்ற நிலையில் திட்டமிடும் முறையை 1955இல் ஜார்ஜ் டான்ட்சிக் ஆராய்ந்து எழுதினார். 1991இல் பிரேசில் அறிஞர்களான பெரேரா, பின்டோ இருவரும் பல அணைகளுக்கும் ஒருங்கே கணக்கிடும் முறையை வெளியிட்டனர். பெய்யக்கூடிய மழையின் பல வகைகளையும் கருத்திற்கொண்டு, தேக்கி வைக்கும் நீருக்கு ஒரு மதிப்புக் காண்பதே அதன் சாரம்.

அவ்வாறிருந்தும், 2001 ஜூன் முதல் 2002 பிப்ரவரி வரை அந்நாட்டின் பெரும்பகுதியில் மின்சாரப் பங்கீடு வந்தது. காரணம் மழைக் குறைவு மட்டுமன்று என ஜெர்சன் கெல்மன் தலைமையிலான ஆய்வுக் குழு கண்டது. மின்நிலையங்களும் மின்தடங்களும் உரிய காலத்தில் அமைக்கப்படவில்லை. தென்பகுதியில் நீர் இருந்தும், அங்கு விளையும் மின்சாரத்தைத் தென்கிழக்குப் பகுதிக்குக் கொண்டுசெல்லப் போதிய தடமில்லை. கணக்கு எச்சரிக்கலாம்; கம்பம் நடுவது மனிதர் கடமையன்றோ!

பற்றாக்குறையைப் பகிர்ந்த முறையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வீடுகள் தம் பயன்பாட்டை 20 விழுக்காடு குறைக்கப் பணிக்கப்பட்டன. ஆனால் மாதம் 100 யூனிட்டுக்குள் பயன்படுத்திய எளியோர் வீடுகளுக்கு அக்கட்டாயம் இல்லை. அவர்கள் சேமித்தால் ஊக்கத்தொகையும் உண்டு. இவ்விடையை எந்தச் சூத்திரமும் தாராது. இழப்பு யார் தலையில் விழலாகாது என்று மனிதர் எடுத்த அறமுடிவு அது.

மாணவச் செல்வங்களே! நிகழ்தகவுப் பாடத்தைத் தேர்வோடு மறந்துவிடாதீர்கள். திட்டம் தீட்டும் மேசையில் கணக்கறிந்தோர் அமர்கின்றனர்; குடிசையின் இருளை அறிந்தோரும் அங்கே அமர வேண்டும். இவ்விரண்டையும் அறிந்தவர்களாய் நீங்கள் அங்கு செல்வீர்களாயின், இக்கழகம் ஏற்றிய விளக்கு வீண்போகாது.